சாப்பிட்டதற்கு ஈடாக நடக்கச் சொல்லும் குரல்: அதற்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள்?

மழைத்துளி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்தேன், இன்றுதான் எழுதுகிறேன். எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் அனோரெக்சியா என்ற உணவுக் கோளாறு எனக்கு. அதற்குச் சிகிச்சை தொடங்கிப் பத்து மாதம் ஆகிறது. எடை, கலோரி, உடை அளவு எதையும் எண்ணாக எழுத மாட்டேன். பதில் போடுகிறவர்களும் தயவுசெய்து எழுத வேண்டாம். எண்ணைப் பார்த்ததும் என் மூளை ஒப்பிட ஆரம்பித்துவிடும். இங்கே என்னைப் போல இன்னும் பலர் இருப்பீர்கள்.

ஐந்து மாதமாக நடைப்பயிற்சியே கூடாது என்றிருந்த டாக்டர், போன வாரம் "தினமும் கொஞ்ச நேரம் மெதுவா நடக்கலாம்" என்றார். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் முதல் நாளே சறுக்கிவிட்டேன். மதியம் அலுவலகத்தில் ஒருவருக்குப் பிறந்தநாள், ஒரு துண்டு கேக் சாப்பிட்டேன். சாயங்காலம் நடக்கப் போனவள் சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. கேக்குக்காக ஒரு சுற்று, நாளைக்கு முடியாமல் போனால் என்று இன்னொரு சுற்று. கால் வலித்தது. வலித்ததும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டேன். பிறகு அதற்கும் சேர்த்து என்னையே திட்டினேன். "பத்து மாசமா எத்தனை பேர் உனக்காக அலையறாங்க, நீ என்ன பண்ணிட்டு இருக்க?" சாப்பிட்டாலும் திட்டு, சாப்பிடாவிட்டாலும் திட்டு.

தெரபிஸ்ட் ஒவ்வொரு முறையும் "உன்கிட்டயே கொஞ்சம் கனிவா இரு" என்கிறார். தலையாட்டிவிட்டு வருகிறேன். எப்படி என்றுதான் புரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தேன், பொய் சாட்சி சொல்வது போல இருந்தது. நீங்கள் நிஜத்தில் என்ன செய்கிறீர்கள்?

---

இரவுவிளக்கு எழுதியது:

தோழி, அந்த நிம்மதியைப் பார்த்துப் பயந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் நீங்கள் நோயிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கிறீர்கள். நான் அதை நிம்மதி என்றே பல வருஷம் நம்பினேன்.

எனக்குச் சரியாகி இப்போது பதினோரு வருஷம். கண்ணாடி வித்தை எனக்கும் ஒத்துவரவில்லை. உடம்பை நேசி, உடம்பை நேசி என்று சொல்லச் சொல்ல, நேசிக்க முடியாததும் ஒரு தோல்வியாகக் கணக்கில் ஏறிக்கொண்டது. பிறகு ஒரு நர்ஸ் சொன்னார்: "நேசம் வரும்போது வரட்டும். இப்ப உட்காருங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் அப்போது நின்றுகொண்டேதான் சாப்பிடுவேன். படிப்பது, போன் பேசுவது, எல்லாம் நின்றபடி. உட்கார்ந்தால் சோம்பேறி என்று உள்ளே ஒரு சட்டம். நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்து ஒரு வேளை முழுதாகச் சாப்பிட எனக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் மனசு வாயார வைதுகொண்டே இருந்தது. வைதபடியே சாப்பிட்டேன். கனிவு என்று நான் முதலில் செய்தது அந்த நாற்காலிதான். மனசு அதற்குப் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது, அதுவும் ரொம்பத் தாமதமாக.

இறுக்கமான உடைகளை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். காலையில் உடை மாட்டும்போதே ஒரு பரீட்சை எழுத வேண்டாமே என்றுதான்.

பாதியில் வைத்த சாப்பாட்டைப் பற்றி: அதை அங்கேயே விட்டுவிடுங்கள். மறுநாள் காலை உணவைக் குறைக்காமல் சாப்பிட்டால் போதும். ஈடுகட்டுவது என்கிற வேலையே எந்தப் பக்கமும் வேண்டாம்.

---

பழைய_ஓட்டக்காரன் எழுதியது:

சகோ, அந்த 'இன்னொரு சுற்று' எனக்கு நல்லாத் தெரியும். நான் ஆண். தினமும் ஓடுறேன், இனிப்பைத் தொடறதில்ல, அளந்து சாப்பிடறேன்னு எல்லாரும் என்னைப் பாராட்டினாங்க. நோய்னு ஒருத்தருக்கும் தோணல, எனக்கும் தோணல. பாராட்டு கிடைக்கிற நோய் ரொம்ப ஆழமா வேர் விடும்.

பாதத்து எலும்புல கீறல் விழுந்துச்சு. அதோடயும் ஓடினேன். ஓய்வுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டே ஓடினேன். ரெண்டாவது முறை கீறல் விழுந்தப்பதான் ஒரு விளையாட்டு மருத்துவர் என்னை உட்கார வச்சு, "என்ன சாப்பிடறீங்க?"ன்னு கேட்டார். செலவழிக்கிற சக்திக்கு ஏத்த சாப்பாடு இல்லன்னா உடம்பு எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு சக்தின்னு ஒவ்வொரு இடத்துலயா விளக்கை அணைக்கும்னு விளக்கினார். முன்னாடி இதைப் பெண் வீராங்கனைகளுக்கு மட்டும் வர்ற பிரச்சினையாப் பார்த்தாங்க. 2014ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி வெளியிட்ட அறிக்கைதான் ஆண்களையும் சேர்த்துச்சு. அதைக் கேட்டப்ப நான் அழுதுட்டேன். எனக்கு இருக்கிறதுக்கு ஒரு பேர் இருக்குன்னு தெரிஞ்ச அழுகை அது.

நடை திரும்ப ஆரம்பிச்சப்ப நான் செஞ்ச முதல் வேலை, கைக்கடிகாரத்தைக் கழட்டி வச்சது. அடி எண்ணுற எதுவும் கூட வரக்கூடாது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடிங்கிற கணக்கு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுற கருவி ஒண்ணு வித்துச்சு. அதுக்கு வச்ச பேரோட அர்த்தமே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. ஆராய்ச்சியில பிறந்த எண் இல்ல அது, விளம்பரத்துல பிறந்தது. அந்த எண்ணுக்காக நான் நள்ளிரவுல படுக்கையறைக்குள்ள சுத்திச் சுத்தி நடந்திருக்கேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி என்னையே ரெண்டு கேள்வி கேப்பேன். இன்னிக்குப் போகலன்னா எனக்கு என்ன ஆகும்? இந்த நடையால ஒரு கலோரி கூடக் குறையாதுன்னு யாராவது சத்தியம் பண்ணினாலும் போவேனா? முதல் கேள்விக்குப் பதட்டம் வந்தா அன்னிக்குப் போகமாட்டேன். பதட்டம் வர்ற நாள்தான் வீட்டுல இருக்க வேண்டிய நாள். இதை ஏத்துக்க எனக்கு ஒரு வருஷம் பிடிச்சுது.

---

தட்டும்_கரண்டியும் எழுதியது:

நான் உணவியல் நிபுணர். உணவுக் கோளாறிலிருந்து மீள்கிறவர்களோடு வேலை செய்கிறேன். உங்கள் மருத்துவக் குழு சொல்வதற்கு மேலாக நான் எழுதுவதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"கேக்கைப் பற்றியே நாள் முழுக்க நினைக்கிறேன், எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. அவர்களுக்கு நான் மினசோட்டா சோதனையைப் பற்றிச் சொல்வேன். 1944 நவம்பரில் தொடங்கியது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துப் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைப்பட்டினி. எவ்வளவு கொடுத்தார்கள் என்ற எண்ணை நான் எழுதவில்லை, இந்த இழையில் அது வேண்டாம்.

கொஞ்ச நாளில் அவர்களுக்கு உணவைத் தவிர வேறு பேச்சில்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், தட்டை நக்கினார்கள். எந்நேரமும் குளிர், எரிச்சல், சோர்வு, யாரோடும் பழகப் பிடிக்காத நிலை. சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறைந்த உணர்வு வரவில்லை. இதற்கு முன் அவர்களில் யாருக்கும் உணவுக் கோளாறு இருந்ததில்லை. உங்கள் குணக்கேடு என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கிற பல விஷயங்கள், பட்டினி கிடந்த எந்த உடம்பும் செய்கிறவை.

உடல் நிறை குறியீடு (BMI) என்று எல்லா மருத்துவமனைச் சுவரிலும் தொங்குகிறதே, அதற்கு 1972ல் அந்தப் பெயரை வைத்ததும் இதே கீஸ்தான். சூத்திரம் அவருடையதல்ல. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்ற கணித அறிஞர் மக்கள்தொகையின் சராசரியைப் படிக்க உருவாக்கியது. தனி ஒருவருடைய நலத்தை அளக்க அவர் அதைச் செய்யவில்லை. சுவரில் அந்த அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மீளும் காலத்தில் உடம்பு சில விசித்திரங்கள் காட்டும். இரைப்பை மெதுவாகக் காலியாவதால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு உப்பும். கணுக்காலில் நீர் கோர்க்கலாம். இரவில் உடம்பு சூடாகி வியர்க்கலாம். பெரும்பாலும் இவை காலப்போக்கில் அடங்கும். "பார்த்தாயா, சாப்பிட்டதால்தான்" என்று மனசு சொல்லும்போது, சாப்பிடாமல் இருந்த காலத்தின் பாக்கி இது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வீக்கம் திடீரென்று கூடினால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு மூன்று சிறு உணவு, நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல். பசி வந்தால் சாப்பிடுவேன் என்று காத்திருக்க வேண்டாம். இப்போதைக்கு உங்கள் பசி சரியாக மணியடிக்காது, அதனால் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

இது மிக முக்கியம்: நெடுநாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டு வருகிறவர்கள், தானாகவே ஒரே நாளில் நிறையச் சாப்பிடத் தொடங்கக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும். அதேபோல, வாந்தி எடுக்கிறவர்களுக்கும் பேதி மருந்து எடுக்கிறவர்களுக்கும் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம், பார்க்க எந்த எடையில் இருந்தாலும். மயக்கம், படபடப்பு, நெஞ்சு வலி இருந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

---

கரைதேடி எழுதியது:

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாற்றிப் பேசப்போகிறேன். எனக்கு இருப்பது அதீத உண்ணல் கோளாறு. உங்களில் பலருக்கு "சாப்பிடு" என்பதே கனிவு. எனக்கு? ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு, வயிறு வலிக்கிற வரை, ருசி கூடத் தெரியாமல் சாப்பிடுகிறவள் நான். காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்க மாட்டேன். என்னிடம் நானே கனிவாக இருந்தால் நிறுத்தவே மாட்டேன். திட்டுதான் என்னைக் கொஞ்சமாவது பிடித்து வைத்திருக்கிறது. மறுநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, ஜிம்மில் இரண்டு மணி நேரம் இருந்து, அப்படித்தான் சமாளிக்கிறேன். இந்தக் 'கனிவு' எனக்குச் சாக்காக ஆகிவிடாதா?

---

இரவுவிளக்கு எழுதியது:

கரைதேடி, இதைத் துணிந்து எழுதினதற்கு நன்றி. உங்கள் கோளாறும் சம அளவு வலி தருகிறது, சம அளவு உதவிக்கு உரியது. 2013 வரை, மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் (DSM) அதற்குத் தனி நோய் என்ற இடமே இல்லை. அந்த வருஷம் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் தந்தார்கள். அதுவரை எத்தனை பேர் தங்களை வெறும் பேராசைக்காரர்கள் என்று நினைத்தே காலம் தள்ளியிருப்பார்கள் என்று யோசித்தால் மனசு வலிக்கிறது.

ஒன்று கேட்கிறேன். திட்டு உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்கிறீர்கள். எத்தனை வருஷமாகத் திட்டுகிறீர்கள்? ராத்திரிகள் குறைந்தனவா?

நீங்கள் சொன்ன பயத்துக்கு ஒரு பேர் உண்டு. கருணை சார்ந்த சிகிச்சையை உருவாக்கிய பால் கில்பர்ட்டும் அவருடைய குழுவும் 2011ல் 'கருணை மீதான அச்சம்' என்பதை அளப்பதற்கென்றே கேள்வித்தாள்கள் வெளியிட்டார்கள். கனிவைக் கண்டு பயப்படுகிறவர்கள் அவ்வளவு பேர். கனிவு வந்தால் கட்டுப்பாடு போகும், எனக்கு அதற்குத் தகுதியில்லை, இந்த இரண்டையும் நானும் வார்த்தை பிசகாமல் சொல்லியிருக்கிறேன்.

---

தட்டும்_கரண்டியும் எழுதியது:

கரைதேடி, மறுநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருக்கிறேன் என்றீர்கள். நாளை ராத்திரி நடக்கப்போவது அந்தக் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. பகலெல்லாம் வெறும் வயிறு, மேலே இரண்டு மணி நேர உழைப்பு, அதற்கும் மேலே அவமானம். இரவில் உடம்பு தன் பங்கைக் கேட்காமல் என்ன செய்யும்? கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்ற மனநல மருத்துவர் உணவுக் கோளாறுகளுக்கு வகுத்த சிகிச்சை முறையில் சீரான உணவு நேரத்தை ஆரம்பக் கட்டத்திலேயே வைப்பதற்குக் காரணம் இந்தச் சுழல்தான். அதை உடைக்கச் சுலபமான இடம் இரவு அல்ல, மறுநாள் காலை உணவு.

உங்களுக்கும் கனிவு என்றால் 'சாப்பிடு'தான். காலையில் சாப்பிடு. தனியாகச் செய்யக் கடினம், ஒரு சிகிச்சையாளரின் துணையோடு செய்யுங்கள்.

கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003ல் தன்கருணையை மூன்றாகப் பிரித்து எழுதினார்: தன்னிடம் இதமாக இருப்பது, இது எனக்கு மட்டும் நேர்வதில்லை என்று உணர்வது, வலியைக் கூட்டாமல் குறைக்காமல் கவனிப்பது. இதம் உங்களுக்கு இப்போது எட்டவில்லை என்றால் இரண்டாவதிலிருந்து தொடங்கலாம். இதே ராத்திரி எங்கேயோ ஒரு சமையலறையில் இன்னொருவரும் விளக்கைப் போடாமல் நிற்கிறார். அவரை நீங்கள் என்ன சொல்லித் திட்டுவீர்கள்?

---

கரைதேடி எழுதியது:

அவரைத் திட்ட மாட்டேன்.

விளக்கைப் போட்டுவிட்டு ஒரு நாற்காலி எடுத்துப் போடுவேன் என்று நினைக்கிறேன். இதைத் தட்டும்போது கண் கலங்குகிறது. யோசிக்கிறேன். நன்றி.

---

மகளுக்காக எழுதியது:

நான் நோயாளி இல்லைங்க, ஒரு அம்மா. மகளுக்குப் பதினாறு வயசு. உங்க எல்லாரையும் வாசிச்சுதான் அவ சொல்லாம விடறதைப் புரிஞ்சுக்கறேன்.

போன மாசம் சொந்தக்காரர் ஒருத்தர் வந்து, ஆசையா, "அட, உடம்பு தேறிட்டியே, முகம் தெளிஞ்சிருக்கு"ன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். அன்னிக்கு ராத்திரி அவ சாப்பிடல. 'தேறிட்ட'ன்னா அவ காதுல 'குண்டாயிட்ட'ன்னு விழுதாம். இப்ப யார் வந்தாலும் வாசல்லயே நான் சொல்லிடறேன், அவ உடம்பைப் பத்தி நல்லதாக் கூட ஒண்ணும் பேச வேண்டாம்னு. சிலருக்குக் கோபம் வருது. வரட்டும்.

ஜேனட் டிரெஷர்னு ஒரு மனநல மருத்துவர், வீட்டுக்காரங்க நடந்துக்கிற விதத்தை விலங்குகளா உருவகப்படுத்துவாங்க. காண்டாமிருகம் வாதாடி முட்டித் தள்ளும். கங்காரு பையில போட்டு மூடி வைக்கும். டால்ஃபின் கூடவே நீந்தும், தேவைப்படறப்ப மெல்லத் தள்ளிவிடும். நான் முழுக்கக் காண்டாமிருகமா இருந்தேன். "ஏன் சாப்பிடல, உனக்கு என்ன குறை?"ன்னு மேஜையைத் தட்டியிருக்கேன். அதுக்காக என்னை நானே மன்னிக்கறதுக்கும் இங்க உள்ள பதில்கள் உதவுது.

இப்ப அவ எதிர்ல உட்கார்ந்து நானும் அதையே சாப்பிடறேன். டயட்னு ஒரு வார்த்தை வீட்டுல கிடையாது. எடை பார்க்கிற மெஷினைத் தூக்கிக் கொடுத்தாச்சு. "கஷ்டமா இருக்குன்னு தெரியும்மா, நான் இங்கயேதான் இருக்கேன்," அவ்வளவுதான் சொல்றேன்.

---

வெயில்நிழல் எழுதியது:

மழைத்துளி, எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பத்து மாதத்தில் நடை திரும்பத் தொடங்கியது சீக்கிரமோ என்று தோன்றுகிறது. நான் இரண்டு வருஷம் எந்தப் பயிற்சியும் செய்யவில்லை. முழுதாக நிறுத்தினால்தான் அது பழக்கமா கட்டாயமா என்றே தெரியும். கொஞ்சம் கொஞ்சம் என்பது எனக்குக் கள்ளக் கதவாகத்தான் ஆனது.

---

பழைய_ஓட்டக்காரன் எழுதியது:

வெயில்நிழல் சொல்றதுல பாதியை ஏத்துக்கறேன். கால் வலியில நிம்மதி வந்துச்சுன்னா அதை டாக்டர்கிட்ட மறைக்கக்கூடாது, அவர் மறுபடி நிறுத்தச் சொன்னாலும் சரி. ஆனா எல்லாருக்கும் ரெண்டு வருஷம்னு ஒரு கணக்கு வைக்க வேண்டாமே. அதுவும் ஒரு எண்ணாப் போயிடும். எனக்கு உதவினது தனியா நடக்காம இருந்தது. ஒரு நண்பரோட, அவர் வேகத்துல, பேசிக்கிட்டே. அவர் நின்னா நான் நிக்கணும். முதல் சில நாள் அவர் நின்னப்பெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள எரியும்.

---

வெயில்நிழல் எழுதியது:

சரிதான். டாக்டரிடம் சொல்லுங்கள் தோழி, எனக்கும் அதுதான் முக்கியம்.

---

மழைத்துளி எழுதியது:

எல்லாவற்றையும் மூன்று முறை வாசித்துவிட்டேன். நாலு நாளாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

டாக்டரிடம் சொன்னேன். அந்த நிம்மதியைப் பற்றியும். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. தனியாக நடக்க வேண்டாம், அக்காவோடு மட்டும், வாரத்தில் மூன்று நாள், காலை உணவு சாப்பிட்ட பிறகுதான் என்று மாற்றினார். என்றைக்காவது வேளைச் சாப்பாடு விட்டுப்போனால் அன்று நடை இல்லை. இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது, எண்ணெய் இல்லாத வண்டியை யாரும் ஓட்டுவதில்லை என்றார்.

கடிகாரத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மணிக்கட்டு வெறுமையாக இருக்கிறது, அடிக்கடி கை அங்கேயே போகிறது.

இன்று காலை முதல் நடை. பாதி வழியில் அக்கா "கொஞ்சம் உட்காரலாமா?" என்றாள். அவளுக்குக் களைப்பில்லை என்று எனக்குத் தெரியும். குரல் ஆரம்பித்துவிட்டது, நேற்று அதைச் சாப்பிட்டாய், இதைச் சாப்பிட்டாய், எழுந்திரு என்று. பதில் எதுவும் எனக்கு வரவில்லை. இரவுவிளக்கு அக்கா சொன்ன நாற்காலிதான் ஞாபகம் வந்தது. முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அக்கா ஏதோ அலுவலகக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள், முதல் பாதி காதில் விழவே இல்லை. பிற்பாதி விழுந்தது.

வீட்டுக்கு வந்து பதினொரு மணிச் சிறு உணவைச் சாப்பிட்டேன். இப்போது மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. கரைதேடி, நீங்கள் இன்று காலை சாப்பிட்டீர்களா?

---

கரைதேடி எழுதியது:

முழுதாக இல்லை. பாதி. விளக்கைப் போட்டு, உட்கார்ந்து.